கரண்டியில் நிற்கணும்: ஆறு மாதப் பாப்பாவுக்கு வீட்டிலேயே சத்தான சாப்பாடு

பாப்பாவுக்கு ஆறு மாதம் முடிகிறது. வீட்டில் ஆளுக்கொரு யோசனை. "சோறு வடிச்ச கஞ்சித் தண்ணி குடு, அதுவே போதும்" என்கிறார் பாட்டி. "பருப்புத் தண்ணி குடுங்க, தெம்பா இருக்கும்" என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. "டப்பா மாவு வாங்கிடலாமே" என்கிறார் அப்பா. செல்போனைத் திறந்தால், 25 பொருள் வறுத்து அரைக்கும் சத்து மாவு வீடியோ. இதில் எதைக் கேட்பது?

எல்லோரும் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் முதல் இரண்டு யோசனையிலும் ஒரே குறை இருக்கிறது: தண்ணீர். கஞ்சித் தண்ணீரும் பருப்புத் தண்ணீரும் பாப்பாவின் வயிற்றை நிரப்பும், உடம்பை வளர்க்காது. வீட்டில் இருக்கும் அதே அரிசி, அதே பருப்பு, அதே கேழ்வரகு போதும். அதைக் கெட்டியாகக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஏன் ஆறு மாதத்தில்?

பிறந்ததிலிருந்து ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும் போதும். தண்ணீர்கூடத் தேவையில்லை. அதற்குப் பிறகு தாய்ப்பால் தொடர வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. குறிப்பாக இரும்புச் சத்து. தாயின் வயிற்றில் இருக்கும்போது குழந்தை சேர்த்து வைத்த இரும்புச் சத்து ஏறக்குறைய ஆறு மாதத்தில் குறைந்துவிடும். தாய்ப்பாலில் இரும்பின் அளவு குறைவு. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது உணவுதான்.

இது ஏட்டுக் கணக்கு இல்லை. 2019-21ல் நடந்த 5வது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. நாடு முழுவதும் 6 மாதம் முதல் 23 மாதம் வரையுள்ள குழந்தைகளில் போதுமான அளவு, போதுமான வகை உணவு கிடைப்பது 100க்கு 11 பேருக்குத்தான். வசதி உள்ள வீடுகளிலும் இந்தக் குறை உண்டு. மூளை வேகமாக வளரும் முதல் இரண்டு வருடத்தில் தவறவிட்ட சத்தைப் பிறகு ஈடுகட்டுவது கடினம்.

கோயிலில் வைத்துச் சோறு ஊட்டுவதற்காக நல்ல நாள் பார்க்கும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. தாராளமாகச் செய்யலாம். ஆனால் உறவுக்காரர்கள் வரவேண்டும், ஒற்றைப்படை மாதம் வரவேண்டும் என்று விழா எட்டு, ஒன்பது மாதத்துக்குத் தள்ளிப்போனால், சாப்பாட்டையும் சேர்த்துத் தள்ளிப்போடாதீர்கள். ஆறு மாதம் முடிந்ததும் வீட்டில் தொடங்கிவிடுங்கள். விழாவைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

சின்ன வயிறு, பெரிய பசி

குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குக் கொள்ளும் அளவு, ஒரு கிலோ உடல் எடைக்கு சுமார் 30 மில்லி. 7 கிலோ பாப்பா என்றால் 210 மில்லி. அதாவது ஒரு டம்ளர்தான். அந்த ஒரு டம்ளரில் என்ன போடுகிறோம் என்பதுதான் விஷயம்.

6 முதல் 8 மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் போக, உணவிலிருந்து ஒரு நாளைக்கு சுமார் 200 கலோரி வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி கேழ்வரகு மாவு கரைத்துக் காய்ச்சிய நீர்க்கஞ்சியில் கிடைப்பது சுமார் 35 கலோரி. வயிறு நிறைந்துவிடும், அடுத்த வேளை தாய்ப்பாலும் குறைவாகவே குடிக்கும். அதுவே இரண்டு மேசைக்கரண்டி மாவை அரை கப் கெட்டிக் கூழாகக் கிண்டி, ஒரு தேக்கரண்டி நெய் விட்டால் சுமார் 110 கலோரி. இரண்டு வேளை கொடுத்தால் அன்றைய தேவை முடிந்தது. மாவும் அதேதான், அடுப்பும் அதேதான். மாறியது கெட்டித்தன்மை மட்டும்.

இதற்கு ஒரு சுலபமான சோதனை. கரண்டியில் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். தண்ணீர் மாதிரி ஓடினால் அது சாப்பாடு இல்லை. கரண்டியில் நின்று, மெதுவாக வழுக்கி விழுந்தால் சரியான பதம்.

எவ்வளவு, எத்தனை வேளை?

ஆறு மாதம் முடிந்ததும்: ஒரு வேளைக்கு 2 அல்லது 3 மேசைக்கரண்டி. நன்றாக மசித்தது. முதல் சில நாள் ஒன்றிரண்டு வாய் வாங்கினாலே போதும்.

6 முதல் 8 மாதம்: ஒரு நாளைக்கு 2 முதல் 3 வேளை. மெல்ல மெல்ல 250 மில்லி கப்பில் அரை கப் வரை கூட்டுங்கள்.

9 முதல் 11 மாதம்: 3 முதல் 4 வேளை, வேளைக்கு அரை கப். மிக்ஸியில் அரைப்பதை நிறுத்திவிட்டு, கையால் கொரகொரப்பாக மசியுங்கள். இட்லித் துண்டு, வெந்த கேரட் துண்டு என்று கையில் பிடித்துச் சாப்பிடவும் விடுங்கள்.

1 முதல் 2 வயது: 3 முதல் 4 வேளை, வேளைக்கு முக்கால் கப் முதல் ஒரு கப். நடுவில் ஒன்றிரண்டு முறை பழம், சுண்டல் மசியல் மாதிரி சிறு தீனி. வீட்டில் எல்லோரும் சாப்பிடுவதையே காரம் குறைத்துக் கொடுக்கலாம்.

இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். சில குழந்தைகள் கூடச் சாப்பிடும், சில குறைத்துச் சாப்பிடும். பக்கத்து வீட்டுப் பாப்பாவோடு ஒப்பிடாதீர்கள். எடை சீராகக் கூடுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

வீட்டுச் சமையலில் நான்கு

1. கேழ்வரகுக் கூழ். கேழ்வரகை இரவு ஊறவைத்து, காலையில் தண்ணீர் விட்டு அரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். வரும் பாலைச் சிறுதீயில் கைவிடாமல் கிண்டினால் பளபளவென்று கெட்டியாகும். தினமும் அரைக்க நேரம் இல்லாதவர்கள் மாவையே பயன்படுத்தலாம்: 2 மேசைக்கரண்டி மாவை முக்கால் டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, அரை கப் ஆகும் வரை கிண்டி, கடைசியில் ஒரு தேக்கரண்டி நெய். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கும் மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது.

2. பருப்பு சாதம். மூன்று பங்கு அரிசி, ஒரு பங்கு பாசிப்பருப்பு. நன்றாகக் கழுவி, ஒரு துண்டு கேரட் அல்லது பரங்கிக்காய், சிறிது தக்காளி சேர்த்து குக்கரில் குழைய விடுங்கள். மசித்து, ஒரு தேக்கரண்டி நெய் அல்லது நல்லெண்ணெய் விடுங்கள். அரிசியில் குறைவாக உள்ள புரதக் கூறுகள் பருப்பில் இருக்கின்றன, பருப்பில் குறைவது அரிசியில் இருக்கிறது. அதனால்தான் இரண்டும் சேர வேண்டும். தக்காளியில் உள்ள வைட்டமின் சி, பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும்.

3. கீரை மசியல். அரைக்கீரையோ முருங்கைக்கீரையோ காம்பு நீக்கி, கழுவி, பருப்போடு வேகவைத்து மசித்துச் சாதத்தில் பிசையுங்கள். பப்பாளி, மாம்பழம், பரங்கிக்காய், கேரட் ஆகியவையும் வைட்டமின் ஏ தருபவை. பழங்களை அப்படியே மசித்துக் கொடுக்கலாம்.

4. முட்டை, மீன், ஈரல். "இதெல்லாம் ஒரு வயசுக்கு மேலதான்" என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஆறு மாதம் முடிந்தபின் முழுதாக வேகவைத்த முட்டையை மசித்துக் கொடுக்கத் தொடங்கலாம். முள் நீக்கிய மீன் சதை, நன்றாக வெந்த ஆட்டு ஈரல் கொஞ்சமாக மசித்துச் சேர்க்கலாம். இவற்றில் உள்ள இரும்பை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும். சைவக் குடும்பங்கள் பருப்பு, பயறு, கீரை, தயிரை தினமும் விடாமல் சேர்க்க வேண்டும்.

புதிதாக ஒரு பொருளைத் தொடங்கும்போது முதலில் கொஞ்சமாக, அதை மட்டும் இரண்டு மூன்று நாள் கொடுத்துப் பாருங்கள். தடிப்பு, வாந்தி, பேதி இல்லையென்றால் அடுத்ததற்குப் போகலாம். 25 பொருள் போட்ட மாவை முதல் நாளே கொடுத்தால், ஒவ்வாமை வந்தாலும் எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

முளைகட்டிய மாவின் ரகசியம்

"கெட்டியா குடுத்தா முழுங்க மாட்டேங்குது, அதான் தண்ணி ஊத்தறோம்" என்று சொல்லும் அம்மாக்கள் நிறைய. நியாயமான பிரச்சினைதான். மாவு வெந்ததும் அதிலுள்ள மாவுச்சத்து தண்ணீரை உறிஞ்சிக் களி மாதிரி இறுகிவிடும். இதற்கு நம் ஊர்களில் பழகிய வழி ஒன்று இருக்கிறது: முளைகட்டிய கேழ்வரகு.

தானியம் முளைக்கும்போது அதில் அமைலேஸ் என்ற நொதி உருவாகிறது. அது மாவுச்சத்தின் நீளமான சங்கிலிகளை வெட்டிவிடும். அதனால் மாவின் அளவு குறையாமலே கூழ் வழுவழுவென்று இளகும். தண்ணீர் ஊற்றி இளக்கினால் சத்து குறைகிறது, முளைகட்டிய மாவால் இளக்கினால் சத்து அப்படியே இருக்கிறது.

செய்வது எளிது. கேழ்வரகைக் கல் நீக்கிக் கழுவி ஓர் இரவு ஊறவையுங்கள். தண்ணீரை வடித்து, ஈரத்துணியில் கட்டி, ஒன்று அல்லது இரண்டு நாள் வையுங்கள். துணி காயாமல் அவ்வப்போது தண்ணீர் தெளியுங்கள். சின்ன வெள்ளை முளை வந்ததும் வெயிலில் சுக்காகக் காயவைத்து, கையால் தேய்த்து முளையை உதிர்த்துப் புடைத்து, இளஞ்சூட்டில் லேசாக வறுத்து அரைத்துச் சலியுங்கள். கருக வறுத்தால் நொதி செத்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, ஈரக் கரண்டி படாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

கூழைக் கெட்டியாகக் கிண்டி, கை பொறுக்கும் சூடு வந்ததும் இந்த மாவில் ஒரு தேக்கரண்டி போட்டுக் கிளறுங்கள். சில நிமிடத்தில் இளகும். பிறகு மறுபடி ஒரு கொதி விட்டு இறக்கிவிடுங்கள். முளை மாவைக் கொதிக்கவிடாமல் கொடுக்கக் கூடாது.

இவை வேண்டாம்

தேன்: ஒரு வயது வரை நாக்கில் தடவக்கூட வேண்டாம். அதில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் வளர்ந்து, தசைகளைச் செயலிழக்க வைக்கும் நச்சை உண்டாக்கலாம்.

உப்பு, சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி: ஒரு வயது வரை தனியாகச் சேர்க்கத் தேவையில்லை. நமக்குத்தான் சப்பென்று இருக்கும். பாப்பாவுக்கு அரிசியின் சுவையே புதுசு.

பசும்பால்: ஒரு வயது வரை தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கொடுக்க வேண்டாம். சாதத்தில் கொஞ்சம் தயிர் பிசையலாம்.

டீயில் நனைத்த பிஸ்கட்: டீ இரும்புச் சத்து சேர்வதைத் தடுக்கும். பிஸ்கட்டில் இருப்பது பெரும்பாலும் மைதாவும் சர்க்கரையும்.

பால் புட்டி: கழுவிச் சுத்தமாக வைப்பது கடினம். கிண்ணமும் கரண்டியும் போதும். பால் மாவு, பால் புட்டி ஆகியவற்றுக்கு விளம்பரம் செய்வதை 1992ஆம் ஆண்டிலேயே சட்டம் தடை செய்திருக்கிறது.

முழு நிலக்கடலை, பொட்டுக்கடலை, திராட்சை, முறுக்கு: தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கடலையைப் பொடித்துக் கூழில் சேருங்கள். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள்.

அடைத்துக்கொண்டால் என்ன செய்வது? பாப்பா சத்தமாக இருமினால் காற்று போய்வருகிறது என்று அர்த்தம். இரும விடுங்கள், வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள். சத்தமே வரவில்லை, முகம் நீலமாகிறது என்றால் உடனே ஒருவர் 108க்கு அழைக்க வேண்டும். மற்றவர், ஒரு வயதுக்குள் உள்ள குழந்தையைத் தலை தாழ இருக்கும்படி முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, தாடையைத் தாங்கிப் பிடித்து, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் 5 முறை தட்டுங்கள். வெளியே வராவிட்டால் மல்லாக்கத் திருப்பி நெஞ்சின் நடுவில் 5 முறை அழுத்துங்கள். அடைப்பு வெளிவரும் வரை, அல்லது உதவி வரும் வரை, இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

சுத்தமும் பொறுமையும்

சமைக்கும் முன்பும் ஊட்டும் முன்பும் உங்கள் கையையும் பாப்பாவின் கையையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஊட்டிவிடுங்கள். பாப்பா மிச்சம் வைத்ததை அடுத்த வேளைக்கு எடுத்து வைக்க வேண்டாம்.

தனிக் கிண்ணம் வைத்தால் எவ்வளவு சாப்பிட்டது என்று தெரியும். உட்காரவைத்து, முகம் பார்த்து, பேசிக்கொண்டே ஊட்டுங்கள். செல்போனில் வீடியோ போட்டு ஊட்டினால் வாய் திறக்கும், ஆனால் பசியும் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. தலையைத் திருப்பிக்கொண்டால் நிறுத்திவிடுங்கள். மூக்கைப் பிடித்துப் புகட்டவே கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும்.

உங்களுக்கான அரசு சேவைகள்

அங்கன்வாடி: ஆறு மாதம் முடிந்த குழந்தைகளுக்கு இணை உணவு மாவு இலவசமாக வழங்கப்படுகிறது. சம்பளம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. பெயரைப் பதிவு செய்தால் போதும். அந்த மாவை வீட்டில் கொதிக்கவைத்துக் கெட்டியாகக் கிண்டி, நெய்யோ எண்ணெயோ சேர்த்துக் கொடுங்கள். அதில் வெல்லம் ஏற்கனவே இருப்பதால் மேலே இனிப்பு சேர்க்க வேண்டாம். பாப்பாவின் பங்கை வீட்டில் எல்லோரும் பகிர்ந்துகொள்ளவும் வேண்டாம்.

எடையும் உயரமும்: மாதம் ஒருமுறை அங்கன்வாடியில் பார்த்துப் பதிவு செய்வார்கள். பிறந்த எடை ஆறு மாதம் முடிவதற்குள் இரண்டு மடங்காகவும், ஒரு வயதில் மூன்று மடங்காகவும் ஆவது வழக்கம். கைச் சுற்றளவு 12.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் கவனம் தேவை. 11.5க்குக் கீழே என்றால் கடுமையான சத்துக் குறைபாடு, தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இப்படிப்பட்ட குழந்தைகளைக் கண்டறிந்து சிறப்பு உணவு தரும் 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டம் 2022ல் உதகமண்டலத்தில் தொடங்கப்பட்டது.

இரும்புச் சத்து மருந்து: 6 மாதம் முதல் 5 வயது வரை வாரத்தில் 2 நாள், 1 மில்லி வீதம் இலவசமாகத் தரப்படுகிறது. கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டு வாங்குங்கள். பாப்பாவுக்குக் காய்ச்சலோ உடல் மெலிவோ இருந்தால் அதைச் சொல்லிவிட்டு, அவர் சொல்கிறபடி கொடுங்கள்.

வைட்டமின் ஏ: 9 மாதத்தில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசியோடு முதல் தவணை. பிறகு 5 வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

சந்தேகமா? 104 என்ற எண்ணுக்கு அழைத்து மருத்துவ ஆலோசனை கேட்கலாம். பிக்மி எண் உள்ள தாய் சேய் அட்டையையும் தடுப்பூசிப் பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஊர் மாறினாலும் கைவசம் இருக்கும்.

அடிக்கடி கேட்கும் கேள்விகள்

"முதல் வாயையே துப்பிடுது. பிடிக்கலையோ?" நாக்கால் வெளியே தள்ளுவது பழக்கமின்மை. பிடிக்கவில்லை என்று அர்த்தம் இல்லை. ஒரே உணவைப் பத்துப் பதினைந்து முறை கொடுத்த பிறகு விரும்பிச் சாப்பிடும் குழந்தைகள் உண்டு. இரண்டு நாள் விட்டு மறுபடி கொடுங்கள்.

"பேதி ஆகுது. சாப்பாட்டை நிறுத்தலாமா?" நிறுத்தக் கூடாது. தாய்ப்பால், உப்பு சர்க்கரைக் கரைசல், அதோடு வழக்கமான உணவைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள். துத்தநாக மாத்திரையை மருத்துவர் சொல்லும் அளவில் 14 நாள் முழுமையாகக் கொடுங்கள். சிறுநீர் குறைந்தாலோ, கண் குழி விழுந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, குழந்தை சோர்ந்து பால் குடிக்காவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். குணமான பிறகு இரண்டு வாரம் தினமும் ஒரு வேளை கூடுதலாக ஊட்டுங்கள்.

"பகல்ல பாட்டிதான் பாத்துக்கறாங்க. அவங்களுக்கு எப்படிப் புரிய வைக்கறது?" வாதம் வேண்டாம். அடுப்பங்கரையில் இரண்டு கரண்டி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் கஞ்சித் தண்ணீர், இன்னொன்றில் மசித்த பருப்பு சாதம். இரண்டையும் சாய்த்துக் காட்டுங்கள். எத்தனையோ பேருக்குச் சமைத்துப் போட்டவர், எது சாப்பாடு என்று அவருக்கே தெரியும்.